சுருக்கிய ஹார்ட் டிஸ்க்கை டேப்பில் பேக்கப் எடுப்பது: அடிப்படை விளக்கம்

ஹார்ட் டிஸ்க் 8 டிபி. அதில் 7 டிபி நிரம்பியிருக்கிறது. கோப்புகள் எல்லாம் சுருக்கிச் சேமிக்கப்பட்டவை. கையில் இருப்பது எல்டிஓ-7 டேப், அதாவது எல்டிஓ வகை காந்த நாடாவின் ஏழாம் தலைமுறை. அதன் உறையில் 15 டிபி என்று போட்டிருக்கிறது. ஒரே டேப் போதும், பாதிக்கு மேல் மிச்சமும் இருக்கும் என்ற கணக்கில் தொடங்கினால், பல மணி நேரம் ஓடிய பிறகு அடுத்த டேப்பைக் கேட்டு மென்பொருள் நின்றுவிடும். டேப்பும் பழுதில்லை, டிஸ்க்கும் பழுதில்லை. தரவு மூன்று வெவ்வேறு இடங்களில் சுருங்கலாம், வழியில் மறுபடி விரியலாம் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் இடம், டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் கோப்பு முறைமை. இரண்டாவது பேக்கப் மென்பொருள். மூன்றாவது டேப் டிரைவுக்குள்ளேயே இருக்கும் சுருக்கும் சிப். இந்த மூன்றில் எங்கே சுருக்கம் நடக்கிறது, எங்கே நடக்கவில்லை என்று தெரிந்துவிட்டால் எத்தனை டேப் வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், திரும்ப எடுக்கும்போது என்ன தடங்கல் வரும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

டிஸ்க்கில் சுருங்கியது வழியில் விரிகிறது

விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ் செய்யும் சுருக்கம் கோப்பைத் துண்டு துண்டாகத்தான் கையாள்கிறது. வழக்கமான 4 கேபி கிளஸ்டரில் (கிளஸ்டர் என்பது டிஸ்க் இடத்தை ஒதுக்கும் மிகச் சிறிய அலகு) ஒரு துண்டு என்பது 64 கேபி. ஒவ்வொரு துண்டையும் தனியாகச் சுருக்கிப் பார்க்கும். குறைந்தது ஒரு கிளஸ்டராவது மிச்சமானால்தான் சுருக்கிய வடிவில் எழுதும், இல்லாவிட்டால் அப்படியே எழுதிவிடும். லினக்ஸ் உலகில் பட்டர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைகள் இரண்டும் இதேபோலத் துண்டுகளாகத்தான் சுருக்குகின்றன. துண்டின் அளவும் சுருக்கும் முறையும்தான் வேறு.

இந்த வேலை முழுக்கத் திரைக்குப் பின்னால் நடக்கிறது. ஒரு நிரல் கோப்பைத் திறந்து படிக்கும்போது, கோப்பு முறைமை அதை விரித்து அசல் வடிவில் கொடுக்கிறது. கோப்பு சுருக்கத்தில் இருந்ததே அந்த நிரலுக்குத் தெரியாது. கோப்பு கோப்பாகப் படிக்கும் பேக்கப் மென்பொருளும் அப்படிப்பட்ட ஒரு நிரல்தான். ஆகவே டிஸ்க்கில் 7 டிபி இடம் பிடித்த தரவு, விரிந்த நிலையில் 10 டிபி என்றால், பேக்கப் மென்பொருள் கைக்கு வருவதும் 10 டிபிதான். டிஸ்க்கில் செய்த சுருக்கத்தால் டேப்பில் எந்த லாபமும் கிடைக்காது.

எனவே முதலில் பார்க்க வேண்டியது விரிந்த அளவை. விண்டோஸில் ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸ் திறந்தால் ‘சைஸ்’ என்றும் ‘சைஸ் ஆன் டிஸ்க்’ என்றும் இரண்டு எண்கள் இருக்கும். டேப் கணக்குக்கு வேண்டியது முதலாவது. இசட்எஃப்எஸ்ஸில் ‘லாஜிக்கல் யூஸ்டு’ என்ற பண்பு விரிந்த அளவைச் சொல்லும், ‘யூஸ்டு’ பிடித்திருக்கும் இடத்தைச் சொல்லும். பட்டர்எஃப்எஸ்ஸில் வழக்கமான ‘டியூ’ கட்டளை சுருக்கத்தைக் காட்டாது. ‘காம்ப்சைஸ்’ என்ற தனிக் கருவி இரண்டு அளவையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டும்.

இன்னொரு சின்னக் குழி. டேப் நிறுவனங்கள் 1 டிபி என்றால் 1,00,000 கோடி பைட். விண்டோஸ் காட்டும் 1 டிபி அதைவிடச் சுமார் 10 சதவீதம் பெரியது. விண்டோஸில் 5.6 டிபி என்று தெரியும் ஃபோல்டர், டேப் கணக்கில் ஏறக்குறைய 6.16 டிபி. சுருங்காத தரவாக இருந்தால் 6 டிபி டேப்பில் அது அடங்காது.

உறையில் உள்ள பெரிய எண்ணை நம்ப வேண்டாம்

எல்டிஓ டேப்பின் உறையில் இரண்டு கொள்ளளவு இருக்கும். சிறியதுதான் உண்மைக் கொள்ளளவு: எல்டிஓ-6க்கு 2.5 டிபி, எல்டிஓ-7க்கு 6 டிபி, எல்டிஓ-8க்கு 12 டிபி, எல்டிஓ-9க்கு 18 டிபி. பெரிய எண், தரவு 2.5-க்கு 1 என்று சுருங்கும் என்ற அனுமானத்தில் போட்டது. அப்படித்தான் 6 டிபி 15 ஆகிறது. எல்டிஓ-5 வரை இந்த அனுமானம் 2-க்கு 1 ஆக இருந்தது. உங்கள் தரவு அந்த விகிதத்தில் சுருங்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. படம், வீடியோ, எம்பி3, ஜிப் கோப்புகள் ஏற்கெனவே சுருங்கியவை. டேப் டிரைவ் அவற்றை மேற்கொண்டு குறைக்காது. பதிவுக் கோப்புகள் (லாக் ஃபைல்கள்), டேட்டாபேஸ் டம்ப், மூல நிரல் போன்றவை நன்றாகச் சுருங்கும்.

மேலே சொன்ன 8 டிபி டிஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். அதில் 5.5 டிபி வீடியோ, 4.5 டிபி பதிவுக் கோப்புகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ டிஸ்க்கிலும் 5.5 டிபியாகவே இருக்கும். பதிவுக் கோப்புகள் மூன்றில் ஒன்றாகக் குறைந்து 1.5 டிபி. அதனால்தான் டிஸ்க் 7 டிபி காட்டுகிறது. பேக்கப் மென்பொருள் படிப்பது 10 டிபி. டேப் டிரைவ் வீடியோவைத் தொடாமல் விடும், பதிவுக் கோப்புகளை 1.5 முதல் 2.25 டிபி வரை சுருக்கும். மொத்தம் 7 முதல் 7.75 டிபி. எல்டிஓ-7 என்றால் இரண்டு டேப், எல்டிஓ-8 என்றால் ஒன்று. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு டேப் வாங்குவதே நல்லது. சுருங்கும் விகிதம் தெரியவில்லையா? மாதிரிக்குச் சில ஜிபி எடுத்து ஜிஜிப் என்ற சுருக்கும் நிரலில் வேகமான நிலையில் சுருக்கிப் பாருங்கள். டேப் டிரைவ் ஏறத்தாழ அந்த அளவுக்கு வரும் அல்லது கொஞ்சம் குறைவாகச் செய்யும்.

இந்தக் குழப்பம் புதிதல்ல. 1993-இல் எம்எஸ்-டாஸ் 6.0 உடன் டபுள்ஸ்பேஸ் என்ற டிஸ்க் சுருக்கும் கருவி வந்தபோதும் இதே கதைதான். அங்கே சுருக்கிய டிரைவ் முழுவதும், அசல் டிஸ்க்கில் மறைந்திருக்கும் ஒரே ஒரு பெரிய கோப்பு. சுருக்கிய டிரைவின் எழுத்தைக் காட்டி பேக்கப் எடுத்தால் தரவு விரிந்து வரும். மறைந்த கோப்பை எடுத்தால் சுருங்கியபடி வரும். அன்று 120 எம்பி டேப்பில் எழுதிய க்யூஐசி-80 டிரைவுகளும் 250 எம்பி என்ற பெயரில்தான் விற்பனையாயின.

சுருக்கத்தைப் பிரிக்காமலே எடுக்க முடியாதா?

முடியும், இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பார்ட்டிஷனை அப்படியே பிளாக் பிளாக்காக நகலெடுப்பது. கோப்பு முறைமையைத் தாண்டி நேராக டிஸ்க்கைப் படிப்பதால் சுருங்கிய துண்டுகள் சுருங்கியபடியே டேப்புக்குப் போகும். சாதாரண பிளாக் நகல் என்றால் காலி இடமும் சேர்ந்து 8 டிபியும் போகும். பார்ட்குளோன் போன்ற கருவி பயன்பாட்டில் உள்ள பிளாக்குகளை மட்டும் எடுக்கும். இரண்டாவது வழி இசட்எஃப்எஸ்ஸுக்கு உரியது: அதன் ‘சென்ட்’ கட்டளையில், சுருக்கியபடியே அனுப்பும் விருப்பம் இருக்கிறது.

இரண்டிலும் இடம் மிச்சம். ஆனால் அதற்குப் பதிலாக வரும் சிரமம் அதிகம். பிளாக் நகலிலிருந்து ஒரே ஒரு கோப்பு வேண்டும் என்றாலும் முழு நகலையும் முதலில் வேறொரு பெரிய டிஸ்க்குக்கு இறக்கியாக வேண்டும். சிறிய டிஸ்க்குக்கு ரீஸ்டோர் செய்ய இயலாது. இசட்எஃப்எஸ் ‘சென்ட்’ அனுப்பிய தரவு ஓடையின் நடுவில் ஓரிடம் படிக்க முடியாமல் போனால், அதைத் திரும்பப் பெறும் ‘ரிசீவ்’ கட்டளை முழு ஓடையையும் மறுத்துவிடும். பல ஆண்டு வைத்திருக்க வேண்டிய தரவுக்கு இந்த வழிகளை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஒரு டேப் கூடுதலாகச் செலவானாலும், எந்தக் கணினியிலும் விரித்துப் படிக்கக்கூடிய கோப்பு வடிவமே பாதுகாப்பு.

மென்பொருளில் சுருக்கலாமா?

பொதுவாக வேண்டாம். எல்டிஓ டிரைவின் சிப், டேப்பின் வேகத்துக்கு ஈடாகச் சுருக்கும். கணினிக்குச் சுமையே இல்லை. ஏற்கெனவே சுருங்கிய தரவு வந்தால் அதைக் கண்டுகொண்டு அப்படியே கடத்திவிடும் வசதியும் அதில் இருக்கிறது. அதனால் தரவு வீங்கிவிடுமோ என்று பயந்து டிரைவின் சுருக்கத்தை அணைக்கத் தேவையில்லை. மாறாக, டார் (பல கோப்புகளை ஒரே ஆவணமாகக் கட்டும் நிரல்) ஆவணம் முழுவதையும் ஜிஜிப்பில் சுருக்கி எழுதினால், நடுவில் ஒரு பிளாக் கெட்டாலும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமே கைவிட்டுப் போக வாய்ப்புண்டு. சுருக்காத டாரில் ஒவ்வொரு கோப்புக்கும் தனித் தலைப்பு உண்டு. கெட்ட இடத்தைத் தாண்டி அடுத்த கோப்பிலிருந்து தொடரலாம்.

ஒரே விதிவிலக்கு குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவை மாற்றுவது. மென்பொருளில் குறியாக்கம் செய்த தரவு டிரைவுக்கு ஒழுங்கற்ற எண்களாகத்தான் தெரியும், துளியும் சுருங்காது. அப்போது முதலில் சுருக்கி, பிறகு குறியாக்கம் செய்ய வேண்டும். எல்டிஓ-4 முதல் டிரைவிலேயே ஏஇஎஸ்-256 குறியாக்கம் இருக்கிறது; அதைப் பயன்படுத்தினால் டிரைவ் தானே முதலில் சுருக்கிவிட்டுப் பிறகுதான் குறியாக்கும்.

வேகம் குறைந்தால் டேப் தேயும்

புதிதாக வருபவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இதுதான். டேப்புக்குச் சீரான ஓட்டம் வேண்டும். எல்டிஓ-7 டிரைவ் நொடிக்கு 300 எம்பி எழுதும். தரவு மெதுவாக வந்தால் டிரைவ் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆனால் சுமார் 100 எம்பிக்குக் கீழே அதனால் இறங்க முடியாது. அதற்கும் குறைவாக வந்தால் டேப் நின்று, கொஞ்சம் பின்னால் போய், மறுபடி வேகம் பிடித்து, விட்ட இடத்திலிருந்து எழுதும். இந்த முன்னும் பின்னுமான இழுப்பு ஆயிரக்கணக்கில் நடந்தால் டேப்பும், அதில் எழுதிப் படிக்கும் ஹெட்டும் தேயும். பேக்கப் நேரமும் பல மடங்காகும். டிரைவின் அருகில் நின்றால், சீரான ஒலிக்குப் பதிலாகச் சில நொடிகளுக்கு ஒருமுறை மோட்டார் நின்று திரும்பும் ஓசை காதுக்கே கேட்கும்.

சுருக்கிய டிஸ்க்கில் இது சீக்கிரம் நடக்கிறது. காரணம் மூன்று. என்டிஎஃப்எஸ் சுருக்கக் கோப்புகள் டிஸ்க்கில் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கும். அவற்றைத் தேடித் தேடிப் படிப்பதில் நேரம் போகும். படித்ததை விரிக்கச் செயலிக்கு நேரம் வேண்டும். மூன்றாவது காரணம் எளிதில் கண்ணில் படாது: அந்த 100 எம்பி என்பது டிரைவ் சுருக்கிய பிறகு உள்ள அளவு. தரவு பாதியாகச் சுருங்கும் வகை என்றால், கணினி நொடிக்கு 200 எம்பி ஊட்டினால்தான் ஹெட்டுக்கு 100 எம்பி போய்ச் சேரும். நன்றாகச் சுருங்கும் தரவுக்குத்தான் அதிக வேகம் தேவை!

தீர்வு, நடுவில் ஓர் இடைத் தாங்கல். லினக்ஸில் எம்பஃபர் என்ற சிறிய நிரல் இதற்காகவே இருக்கிறது. அதற்கு 8 ஜிபி நினைவகம் கொடுத்து, 90 சதவீதம் நிரம்பிய பிறகே எழுதத் தொடங்கும்படி அமையுங்கள். டிஸ்க் நொடிக்கு 70 எம்பிதான் தருகிறது, டிரைவ் 300 எம்பி இழுக்கிறது என்றால், சுமார் 100 நொடி சேர்த்துவைத்து 30 நொடி தடையில்லாமல் ஓடும். நொடிக்கு நொடி நின்று கிளம்புவதற்குப் பதில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறைதான் நிறுத்தம். லட்சக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் இதுவும் போதாது. முதலில் சுருக்கம் இல்லாத எஸ்எஸ்டியில் 100 அல்லது 200 ஜிபி டார் கோப்புகளாகச் சேர்த்து, அங்கிருந்து டேப்புக்கு அனுப்புவதே சரி.

எழுதும் முறை

டிரைவ் எஸ்ஏஎஸ் (சர்வர்களில் வழக்கமான இணைப்பு முறை) வகை என்றால் சாதாரண எஸ்ஏஎஸ் கார்டில் இணையுங்கள். பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்க்கும் ரெய்டு கார்டுகள் பல, டேப் டிரைவைக் கண்டுகொள்வதில்லை. விண்டோஸோடு இப்போது வரும் பேக்கப் கருவி டேப்பில் எழுதாது, தனி மென்பொருள் வேண்டும். எல்டிஓ-5 முதல் எல்டிஎஃப்எஸ் முறையில் டேப்பையே ஒரு டிரைவ் போலத் திறந்து கோப்புகளை நகலெடுக்கலாம். அதிலும் அழித்த கோப்பின் இடம் திரும்பக் கிடைக்காது. கீழே உள்ளது லினக்ஸில் டார் வழி.

இயங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க்கை நேரடியாகப் படிக்காமல் ஸ்நாப்ஷாட் (அந்த நொடியின் மாறாத நிலை) எடுத்து அதிலிருந்து படியுங்கள். எல்லாக் கோப்புகளுக்கும் ஷா-256 (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) பட்டியல் ஒன்றைத் தயாரித்து, டேப்பிலும் வெளியிலும் வையுங்கள். டேப் டிரைவைக் கட்டுப்படுத்தும் எம்டி கட்டளையால் டிரைவின் பிளாக் அளவை 0 ஆக்கினால் மாறும் பிளாக் அளவு ஏற்கப்படும். பிறகு டாரின் பிளாக்கிங் எண்ணை 512 ஆகக் கொடுங்கள். ஓர் அலகு 512 பைட், ஆக ஒரு பிளாக் 256 கேபி. டாரின் இயல்பான எண் 20, அதாவது 10 கேபிதான். அதில் எழுதினால் டிரைவ் முழு வேகம் எடுக்காது. எம்பஃபரிலும் அதே 256 கேபியைக் குறிப்பிட வேண்டும். வழக்கமான அனுமதிகளுக்கு மேற்பட்ட விரிவான அனுமதிப் பட்டியல்களும் (ஏசிஎல்) கூடுதல் பண்புகளும் வேண்டும் என்றால் அதற்கான விருப்பங்களைச் சேர்க்க மறக்காதீர்கள். டார் அவற்றைத் தானாக எடுக்காது.

ஒவ்வொரு டார் ஆவணமும் ஒரே டேப்பில் முடியும்படி ஃபோல்டர்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். டேப் தாண்டும் ஆவணத்தில் ஒரு டேப் போனாலும் சிக்கல். மேலும் குனு டார், சுருக்கிய ஆவணத்தைப் பல டேப்புகளில் பிரித்து எழுதாது. டேப்பில் 5 சதவீதமாவது காலியாக விடுங்கள். டிரைவ் எழுதியதை உடனே படித்துச் சரிபார்த்து, தவறான இடத்தை மறுபடி எழுதுகிறது. பழைய டேப்பில் இது அதிகமாகி உண்மைக் கொள்ளளவே சற்றுக் குறையும்.

அதிகம் நடக்கும் விபத்து இது: ஒரே டிரைவுக்கு லினக்ஸில் இரண்டு பெயர்கள் உண்டு. ‘எஸ்டி-0’ என்ற பெயரில் எழுதினால் வேலை முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். அடுத்த ஆவணம் முதல் ஆவணத்தின் மேலேயே விழும். டேப்பில் எந்த இடத்தில் எழுதுகிறோமோ அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் எட்டாமல் போகும். முதல் சில எம்பிதானே அழிந்தது, மீதியை எடுக்கலாம் என்று நினைக்க வழியில்லை. ஆகவே எப்போதும் ‘என்எஸ்டி-0’, அதாவது சுற்றாத பெயரையே பயன்படுத்துங்கள். புதிய ஆவணத்துக்கு முன் தரவின் கடைசிக்குப் போகும் கட்டளையைக் கொடுத்து, எம்டி நிலை அறிக்கையில் எத்தனையாவது கோப்பு என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் டாரின் ஒப்பிடும் விருப்பத்தால் ஸ்நாப்ஷாட்டோடு ஒத்துப் பாருங்கள். இரு பக்கமும் விரிந்த தரவுதான் ஒப்பிடப்படுவதால், டிஸ்க்கின் சுருக்கம் இதில் குறுக்கே வராது. படிக்கும்போது ‘நினைவகம் ஒதுக்க முடியவில்லை’ என்ற பிழை வந்தால் கணினியில் மெமரி போதவில்லை என்று எண்ண வேண்டாம். எழுதிய பிளாக்கைவிடச் சிறிய பிளாக் அளவில் படிக்கிறீர்கள். மீண்டும் 512 கொடுங்கள். சரிபார்த்தாயிற்று என்றால் கார்ட்ரிட்ஜின் ஓரத்தில் உள்ள எழுத்துத் தடுப்பு விசையைப் பூட்டு நிலைக்குத் தள்ளுங்கள்.

ரீஸ்டோரில் இடம் போதாமல் போவது

பழைய 8 டிபி டிஸ்க் கெட்டுவிட்டது, புதிய 8 டிபி டிஸ்க் வாங்கி ரீஸ்டோர் செய்கிறீர்கள். டேப்பில் இருப்பது 10 டிபி விரிந்த தரவு. புதிய டிஸ்க்கில் சுருக்கத்தை இயக்காமல் தொடங்கினால் 8 டிபியில் இடம் தீர்ந்து நின்றுவிடும். சுருக்கத்தை ரீஸ்டோருக்கு முன்பே இயக்க வேண்டும். விண்டோஸில் மேல்நிலை ஃபோல்டருக்குச் சுருக்கப் பண்பு கொடுத்தால், அதற்குள் புதிதாக உருவாகும் கோப்புகள் அதைப் பெறும். ஆனால் டிஸ்க்கை 4 கேபிக்கு மேற்பட்ட கிளஸ்டரில் ஃபார்மட் செய்திருந்தால் என்டிஎஃப்எஸ் சுருக்கமே கிடைக்காது, மறுபடி ஃபார்மட்தான். பட்டர்எஃப்எஸ்ஸில் சுருக்க விருப்பத்தோடு மவுண்ட் செய்ய வேண்டும். இசட்எஃப்எஸ்ஸில் சுருக்கப் பண்பை முதலில் அமைக்க வேண்டும். இரண்டிலுமே அது அதன்பின் எழுதும் தரவுக்கு மட்டும்தான் பொருந்தும்.

சுருக்கியபடி எழுதுவது மெதுவாக நடப்பதால், படிக்கும்போதும் டேப் நின்று நின்று ஓடும். முடிந்தால் ரீஸ்டோருக்கு 12 டிபி டிஸ்க்காக வாங்கி, விரிந்த நிலையிலேயே இறக்கிவிடுங்கள். அவசரத்தில் இதுதான் தலைவலி குறைந்த வழி.

டிரைவ் தலைமுறையையும் கவனியுங்கள். எல்டிஓ-7 வரை இரண்டு தலைமுறை முந்தைய டேப்பைப் படிக்கும். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7க்குக் கீழே படிக்காது. எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-8க்குக் கீழே படிக்காது. புதிய எல்டிஓ-9 டேப்பை முதன்முறை போடும்போது அதைத் தகவமைக்க டிரைவ் 2 மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும். மாட்டிக்கொண்டது என்று நினைத்து நடுவில் மின்சாரத்தை நிறுத்தாதீர்கள். நீண்ட காலம் வைக்கும் டேப்புக்கு 16 முதல் 25 டிகிரி செல்சியஸும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் ஏற்றவை. உறையோடு செங்குத்தாக வையுங்கள். கீழே விழுந்த டேப்பை டிரைவில் போடுமுன், அதன் சிறு கதவைத் திறந்து டேப்பின் நுனியில் உள்ள, டிரைவ் பிடித்து இழுக்கும் முள் இடம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். விலகிய முள் டிரைவையே கெடுக்கும். சுத்தம் செய்யும் கார்ட்ரிட்ஜை, விளக்கு எரிந்து கேட்கும்போது மட்டும் போடுங்கள்.

உறைக்குள் வைக்கும் சீட்டில் தேதியோடு இவற்றையும் எழுதுங்கள்: விரிந்த அளவு, டிஸ்க்கில் பிடித்த அளவு, மூலக் கோப்பு முறைமை, அதன் சுருக்க முறை, டார் பிளாக்கிங் எண், மென்பொருள் சுருக்கம் உண்டா இல்லையா, குறியாக்கம் உண்டா, உண்டென்றால் சாவி யாரிடம், டேப்பில் எத்தனை ஆவணங்கள், எந்த எண்ணில் எது.